நாற்பத்தொன்றில் ஒருத்தி

மார்ச் 3, செவ்வாய்

அறிவியல் தேர்வு முடிந்தது. இருபதுக்குப் பதினெட்டு வரும் என்று நினைக்கிறேன். கடைசிப் படத்தில் பாகங்களைக் குறிக்க மறந்துவிட்டேன்.

அப்பா இன்று ஆறு பேட்ச் கூட்டிப் போனாராம். குரல் கட்டிவிட்டது என்று வெந்நீர் கேட்டார். ஜன்னல் மாளிகையில் அவர்தான் மூத்த கைடு. ஒரு நாளைக்கு ஆறு முறை அந்தக் காதல் கதையைச் சொல்லுவார். மாளிகை கட்டிய கொத்தனார் மேல் அந்த வீட்டுப் பெண்ணுக்குக் காதல். அவன் போருக்குப் போய்விட, மேல்மாடி ஜன்னலில் பதினோரு வருஷம் அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இதைக் கேட்கத்தான் எங்கிருந்தெல்லாமோ பஸ் பஸ்ஸாக வருகிறார்கள். முடிவை அப்பா ஆளுக்கேற்ற மாதிரி மாற்றிவிடுவார். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் வந்தால் இருவரும் சேர்ந்துவிடுவார்கள். வயதானவர்கள் வந்தால் ஒரே குழியில் புதைத்துவிடுவார்.

ராத்திரி டி.வி. சத்தத்தைக் கூட்டினார். பிறகு அம்மா இருந்த அறைக் கதவைச் சாத்தினார். நான் தங்கை சுண்டுவுக்குக் கதை சொன்னேன். அவளுக்கு நாலு வயது, எந்தக் கதை சொன்னாலும் நம்புவாள். இப்போது தூங்கிவிட்டாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். தெருவிளக்கு வெளிச்சம் இந்தப் பக்கம்தான் விழும்.

மார்ச் 4, புதன்

அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம், "அலமாரிக் கதவு திறந்திருந்தது, கவனிக்கல" என்றாள். போன மாதம் குளியலறைக் கதவு. எங்கள் வீட்டில் எத்தனை கதவு இருக்கிறது என்று அந்த அக்கா ஒருநாள் கணக்குப் போடுவாள்.

மார்ச் 8, ஞாயிறு

அப்பா வேலைக்குப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே கூட்டம் அதிகம். அம்மா என்னைத் துணி காயப்போட மாடிக்குக் கூப்பிட்டாள். ஒரு சேலையை இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து உதறினோம். அப்போது சொன்னாள்.

"வர்ற சனிக்கிழமை நாம சித்தி ஊருக்குப் போறோம்டி."

"எப்ப திரும்பி வருவோம்?"

சேலையில் கிளிப்பைக் குத்தினாள். எனக்குப் புரிந்துவிட்டது.

வெளியூர் பஸ் எல்லாம் மாளிகையின் பின் வாசலுக்கு எதிரே இருந்துதான் புறப்படும். அதனால் அப்பா உள்ளே இருக்கும்போதுதான் ஏற முடியும். உள்ளே போன கைடு நடுவில் வெளியே வர முடியாது. வாசலில் எத்தனை தலையை எண்ணி உள்ளே விட்டார்களோ அத்தனை தலையையும் பின் வாசலில் எண்ணி ஒப்படைத்தால்தான் வாங்கி வைத்த அவருடைய கைடு அட்டையைத் திருப்பித் தருவார்கள். ஒரு தலை குறைந்தாலும் தேடிக் கண்டுபிடிக்கும்வரை நகர விடமாட்டார்கள். அம்மா இதையெல்லாம் எப்போது யோசித்து வைத்தாள்? பதினொன்று முதல் பன்னிரண்டு வரை ஒரு பேட்ச். பதினொன்றரைக்கு பஸ்.

"பயமா இருக்கா?" என்றாள்.

இல்லை என்று தலையாட்டினேன். பயமா இது என்று தெரியவில்லை. வாளியிலிருந்து அடுத்த துணியை எடுத்துக் கொடுத்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

எல்லாம் போச்சு.

எங்கள் வகுப்பு சனிக்கிழமை ஜன்னல் மாளிகைக்குச் சுற்றுலா போகிறது. உடம்பு சரியில்லை என்று நான் நின்றுவிடுவதாகத்தான் ஏற்பாடு. அதற்குள் அப்பாவே பள்ளிக்கு வந்து டீச்சரிடம் பேசிவிட்டார். "என் பொண்ணு வகுப்புக்கு நானேதான் காட்டுவேன் டீச்சர், பதினோரு மணி பேட்ச் உங்களுக்குத்தான்." டீச்சர் புதிது, சின்ன வயசு. பூரித்துப்போய்விட்டார். வகுப்பில் வந்து, "இவ அப்பா எவ்வளவு அழகாப் பேசறார் தெரியுமா!" என்றார். என் பக்கத்தில் உட்காரும் கொக்கு (ரொம்ப உயரம், அதனால் கொக்கு) என்னைக் கிள்ளி, "உங்க வீட்ல தினமும் காதல் கதைதானாடி?" என்று சிரித்தாள்.

ஆமாம் என்றேன்.

மார்ச் 11, புதன்

அம்மா முடிவை மாற்றவில்லை. அவளும் சுண்டுவும் முதலில் போவார்கள். எங்கள் பள்ளி பஸ் நாலு மணிக்குத்தான் திரும்பும். சித்தி பள்ளி வாசலுக்கே வந்து என்னைக் கூட்டிப்போவாள். "உன்ன விட்டுட்டுப் போறேன்னு நெனைக்காத கண்ணு" என்று மூன்று தடவை சொன்னாள். நினைக்கவில்லை. மூன்றாவது தடவைதான் கொஞ்சம் நினைத்தேன்.

மதியம் ஒரு மணி இடைவேளையில் அப்பா தினமும் வீட்டுக்குப் போன் செய்வார். அம்மா எடுக்காவிட்டால்? இதை நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மார்ச் 13, வெள்ளி

அப்பா எனக்குப் புது ரிப்பன் வாங்கி வந்தார். "ராசாத்தி, நாளைக்கு நீதான் என் கதாநாயகி" என்றார். நன்றி சொன்னேன். நல்ல ரிப்பன்தான்.

மார்ச் 14, சனி

முதலிலிருந்து வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் குழம்பிவிடும்.

வாசலில் நசுங்கும் கூட்டம். எல்லோரும் ஜன்னலை நோக்கிப் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். ஒரு ஆள் தன் மனைவியிடம், "சிரிடி கொஞ்சம், இதுக்குத்தானே ஆறு மணி நேரம் வண்டி ஓட்டினேன்" என்றார். அந்த அம்மா சிரித்தாள், படம் எடுத்ததும் நிறுத்திவிட்டாள்.

நாங்கள் நாற்பது பேர், டீச்சரோடு நாற்பத்தொன்று. வாசல்காரர் எண்ணிச் சீட்டு எழுதினார். அப்பா மஞ்சள் கொடியைத் தூக்கிக்கொண்டு, இடுப்பில் மைக் பெட்டியோடு முன்னால் நடந்தார். வீட்டில் இல்லாத ஒரு குரல் அது. மெதுவாக, வழுவழுவென்று. பிள்ளைகள் எல்லாம் வாயைத் திறந்துகொண்டு கேட்டார்கள்.

ஒவ்வொரு பேட்சிலும் ஒரு பெண்ணை மேலே அனுப்பி ஜன்னலில் நிற்க வைப்பார். மற்றவர்கள் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். இன்று என்னை அனுப்பினார். அறுபத்து நாலு படி. மேலே யாரும் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தேன்.

மதிலுக்கு அந்தப் பக்கம் பஸ் நிற்கும் இடம் அப்படியே தெரிந்தது. அம்மா நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் சுண்டு, காலடியில் நீலப் பை. மாளிகைக் கடிகாரத்தில் பதினொன்று ஐம்பது. பஸ் வரவே இல்லை. கூட்ட நெரிசலில் எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறது.

கீழே மைக்கில் அப்பா கேட்டார்: "சொல்லும்மா, அங்கேருந்து என்ன தெரியுது?"

பஸ் நிற்கும் இடத்திலிருந்து கண்ணை எடுத்துக் கீழே பார்த்தேன்.

"சத்தமா சொல்லு, ராசாத்தி!"

"கூட்டம். கூட்டம்தான் தெரியுது."

"கேட்டீங்களா? அவளுக்கும் பதினோரு வருஷம் வெறும் கூட்டம்தான் தெரிஞ்சது. அப்புறம் ஒருநாள், அத்தனை கூட்டத்துக்கு நடுவுல… ஒரே ஒரு முகம்."

எல்லோரும் ஆ என்றார்கள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் இறங்கி வந்தேன். படிகளை எண்ணிக்கொண்டே வந்ததால் விழவில்லை.

பின் வாசல் நேரே பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்துத் திறக்கும். மூடிய கதவுக்கு முன்னால் டீச்சர் எங்களை வரிசையில் நிற்க வைத்தார். அப்பா என்னை மட்டும் தன் பக்கத்தில் நிறுத்தி, தோளில் கை போட்டுக்கொண்டு, கொடிக் குச்சியால் காட்டி எண்ணினார்.

"நாப்பதுதான் இருக்கு டீச்சர். ஒண்ணு குறையுது."

டீச்சரும் வரிசையை எண்ணினார். "ஐயோ, பிள்ளைங்க முப்பத்தொம்பதுதான் சார் இருக்காங்க!"

இரண்டாம் தடவையும் அதேதான். அவர் கை என் தோளில்தான் இருந்தது. அவர் என்னை எண்ணவில்லை. வரிசையில் இல்லாததால் டீச்சரும் எண்ணவில்லை.

எனக்கு முதல் தடவையே தெரிந்துவிட்டது.

கதவுக்காரர், "ஆளக் கொண்டாங்க, அப்புறம்தான் கதவு" என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அப்பா என்னிடம், "நீ இங்கயே நில்லு" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார். மைக்கில் அவர் கூப்பிடும் சத்தம் ஒவ்வொரு அறையாகக் கேட்டது. "வழி தவறின பாப்பா யாரும்மா? பயப்படாதே, அங்கிள் வரேன், அங்கேயே நில்லு."

கொக்கு மெதுவாக என்னிடம் நகர்ந்து வந்தாள். "ஏய். உன்ன எண்ணினாங்களா?"

அவள் கையை அழுத்திப் பிடித்தேன். "சும்மா இரு. கெஞ்சிக் கேக்கறேன், சும்மா இரு."

என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு வரிசைக்குப் போய் நின்றுகொண்டாள். "எனக்கு என்னவோ நாம எல்லாரும் இருக்கற மாதிரிதான் இருக்கு மிஸ், பேரைக் கூப்பிட்டுப் பாருங்களேன்" என்று சொல்ல அவள் வாய் துறுதுறுத்தது எனக்குத் தெரியும், ஆனால் சொல்லவில்லை. டீச்சர் பெயர்ப் பட்டியலைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அழ ஆரம்பித்துவிட்டார். அவரைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஒன்றும் இல்லை.

அப்பா வியர்த்து வழியத் திரும்பி வந்தார். மறுபடி எண்ணினார். மறுபடி ஓடினார்.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு ஹாரன் சத்தம். மதிலுக்கு மேலே பஸ்ஸின் தலை தெரிந்தது, மூட்டைகள் கட்டிய கூரை. நின்றது. ரொம்ப நேரம் நின்ற மாதிரி இருந்தது. அப்புறம் கூரை நகர்ந்தது.

அப்பா வந்ததும், "அப்பா, நீங்க என்னை எண்ணலை" என்றேன்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கதவுக்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். "பெத்த பொண்ணையே கணக்குல விட்டுட்டீரே, கைடு சார்!" டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "இவ்வளவு நேரம் வாயில என்னடி, பசையா?" என்று கத்தினார். அப்பாவும் எல்லோர் முன்னாலும் சிரித்தார். குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "வீட்டுக்கு வந்து பேசிக்கறேன்" என்றார். தோளில் இருந்த கட்டைவிரல் எலும்பில் இறங்கியது.

அதற்குள் ஒலிபெருக்கியில் அவருடைய கைடு எண்ணைக் கூப்பிட்டு மேலதிகாரி திட்ட ஆரம்பித்துவிட்டார். அடுத்த பேட்ச் வெயிலில் நிற்கிறதாம், இடைவேளை கிடையாதாம். அட்டையை வாங்கிக்கொண்டு ஓடினார். போன் செய்ய நேரமில்லை.

பள்ளி பஸ் தாமதமாகத்தான் திரும்பியது; ஐந்து மணிக்குப் பள்ளி வாசலில் சித்தி ஸ்கூட்டரோடு நின்றிருந்தாள். ஹெல்மெட்டை என் தலையில் மாட்டினாள். இரண்டு மணி நேரப் பயணம்.

இது சித்தி வீடு. சுண்டு என் மேல் கால் போட்டுத் தூங்குகிறாள். அம்மா என் தோளைப் பார்த்துவிட்டு எண்ணெய் தடவினாள். நான் அழுவேன் என்று காத்திருந்தாள்.

மார்ச் 16, திங்கள்

இருபத்திரண்டு தடவை போன் அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

அப்பா வந்தார், பெரியப்பாவோடு. பழங்கள் வாங்கி வந்திருந்தார். ஷேவ் செய்யவில்லை.

கூடத்தில் உட்கார்ந்து பேசினார். மாளிகைக் குரலிலேயே பேசினார். வீட்டுக்குள் நுழைந்தால் விளக்கில்லாத மாதிரி இருக்கிறதாம். அம்மா துணி உலர்த்தும் கொடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாராம். சொல்லச் சொல்லச் சித்தப்பாவின் முகம் இளகிக்கொண்டே போனது. வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து, வாசற்படியில் நின்று கண்ணைக் கசக்கினாள்.

"அக்கா," என்றார் சித்தப்பா, "மனுஷன் இவ்வளவு இறங்கி வந்திருக்கார். நாலு பேர் வீட்ல நடக்கறதுதானே…"

"உங்க வீட்ல நடக்குதா?" என்றாள் சித்தி, சமையலறையிலிருந்து. சித்தப்பா பழக்கூடையை நகர்த்தி வைத்தார்.

அம்மா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தலை கொஞ்சம் கொஞ்சமாக ஆட ஆரம்பித்தது. சரி என்று ஆடப்போகிற தலை. அதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

அப்பா என்னைப் பார்த்தார். "நீயே சொல்லும்மா. இத்தனை வருஷத்துல அப்பா உன்மேல ஒருநாளாவது கைய வச்சிருக்கேனா?"

"இல்ல."

பெரியப்பா, "அப்புறம் என்ன?" என்று எழுந்தார்.

"அம்மாவ அடிப்பீங்க," என்றேன். "டி.வி. சத்தத்தக் கூட்டிட்டு, கதவச் சாத்திட்டு. மூணாம் தேதி அடிச்சீங்க. போன மாசம் ரெண்டு தடவை. அம்மா எல்லார்கிட்டயும் கதவுல இடிச்சுக்கிட்டேன்னு சொல்லுவா. கதவு இல்ல."

யாரோ ஒரு பெண் பேசுகிற மாதிரி இருந்தது, எங்கோ மேலே நின்றுகொண்டு. அப்பா வாயைத் திறந்தார். ஆறு பேட்சுக்கு ஆறு முடிவு சொல்லுபவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அம்மாவின் தலை ஆடுவது நின்றிருந்தது. "நான் வரல" என்றாள். அவ்வளவுதான்.

வீட்டுக்காரம்மா பழக்கூடையை எடுத்துப் பெரியப்பா கையில் கொடுத்துவிட்டாள்.

மார்ச் 23, திங்கள்

சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று சித்தி சொல்கிறாள். முயற்சி செய்கிறேன்.

ஏப்ரல் 11, சனி

அம்மாவுக்குத் துணிக் கம்பெனியில் வேலை, காலர் தைக்கிற பிரிவு. சித்தி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறை எடுத்திருக்கிறோம். கொக்கு போன் செய்தாள். டீச்சர் அன்றைக்குத் திட்டியதற்கு வருத்தப்பட்டாராம். கொக்கு ஏதாவது சொன்னாளா என்று கேட்கவில்லை.

சாயங்காலம் அம்மா கையிலிருந்து கண்ணாடி டம்ளர் நழுவி விழுந்தது. சுக்குநூறு. நான் என்ன செய்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. சுண்டுவை இழுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் போயிருந்தேன். என் இரண்டு கையும் அவள் காதைப் பொத்தியிருந்தன. அம்மாவும் அசையாமல் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

யாரும் வரவில்லை. வெளியே ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது.

சுண்டு என் கையை விலக்கிவிட்டு எட்டிப் பார்த்தாள். "யாரு ஒடச்சா?"

"நான்தான்டி" என்றாள் அம்மா.

"இப்ப யாரு உன்னத் திட்டுவா?"

அம்மா யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

"ஒருத்தரும் இல்ல. ரெண்டு பேரும் கால மடக்கிட்டு அங்கயே இருங்க. தொடப்பம் எடுத்துட்டு வரேன்."

அவள் கூட்டி முடிக்கும்வரை மேசைக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தோம்.