கெண்டைக்குக் கொடுத்த சட்டை

6-2-1995, திங்கள்

காலையில் கடும் பனி. வண்ணார்பேட்டைப் பாலம் கண்ணுக்குத் தெரியவில்லை. தொண்டையில் கரகரப்பு, சுக்குக் கஷாயம்.

நாவலின் பதினைந்தாம் அத்தியாயம், அதாவது கடைசி, நேற்று மாலை முடிந்தது. போட்டி நடத்தும் சென்னைப் பதிப்பகத்துக்கு 16-ஆம் தேதி, வியாழனுக்குள், சேர வேண்டும். 'இளைஞர்க்கான புதினம்' என்று விளம்பரத்தில் கண்டிருந்தது. பத்திரப்பதிவு அலுவலகத்தில் பிறர் எழுதியதையே சரிபார்த்துக் கிடந்தவனுக்குச் சொந்தமாக எழுத ஓய்வுக்குப் பிறகு இப்போதுதான் நேரம் ஒழிந்தது.

கதைச் சுருக்கம், பின்னால் குழப்பம் வராதிருக்க:
இடம் பாபநாசம். விடலைப் பையன்களின் இரண்டு கூட்டம்.
மாடிவீட்டுப் படை: தலைவன் ரகு. சைக்கிள், கைக்கடிகாரம், கிரிக்கெட் மட்டை.
படித்துறைப் படை: தலைவன் கெண்டை. முங்குநீச்சல் தவிர வேறு சொத்தில்லை. பாவம் போக முழுகுகிறவர்கள் ஆற்றோடு விட்டுப்போகும் துணிகளை எடுத்து, அலசி, உடுத்துகிறவர்கள். 'ஊரான் பாவத்தப் போட்டுக்கிட்டுத் திரியுதானுவ' என்று மாடிவீட்டார் கேலி. அதனால் அடிதடி.
முடிவு: ரகு மனம் திருந்தி, எல்லார் முன்னிலும் ஒரு புதுச் சட்டையை நீட்டுகிறான். கெண்டை கண்ணீர் மல்க வாங்கிக்கொள்கிறான். சமாதானம்.

எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

நாளை கமலத்துக்கு (இனி க.) வாசிக்க வேண்டும். அவள் கீரை ஆயும் நேரமே என் வாசிப்பு நேரம். பதினான்கு அத்தியாயங்களிலும் ஒருமுறைகூட உறங்கியதில்லை. எல்லா எழுத்தாளர்க்கும் இப்படி மனைவி வாய்ப்பதில்லை.

7-2-1995, செவ்வாய்

வாசித்தேன். முடிவதற்குள் க. எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். கீரை முறத்தில் பாதியில். பின்னாலேயே போய்க் காரணம் கேட்டேன்.

"என் தம்பிய அழ வச்சிட்டியளே."

தம்பி சங்கரன். இருவரும் என் அத்தை பிள்ளைகள். நாங்கள் அம்பாசமுத்திரத்தில் மாடிவீடு. அத்தை வீட்டில் பாபநாசத்தில் ஒருவேளை அடுப்பு. சங்கரன் சிறு வயதில் ஆற்றடியில் துணியும் காசும் முங்கி எடுப்பதில் சமர்த்தன். பின்னர் ஆலை வேலை, இப்போது ஓய்வு. இன்றைக்கும் ஊரில் கெண்டை என்றால்தான் தெரியும். பெயர் பொருத்தமாக இருந்ததால் எடுத்துக்கொண்டேன், மற்றதெல்லாம் கற்பனை என்று விளக்கினேன்.

"கெண்டைன்னு அச்சுல வந்தா, பாபநாசத்துல ஒரு பய கற்பனைன்னு சொல்லுவானா? அவன் உங்க வீட்டு வாசல்ல ஒரு நாளும் கை நீட்டுனதில்ல."

பெயரை மாற்றிவிடுகிறேன் என்றேன். பெயரை மாற்றினாலும் கை நீட்டினது நீட்டினதுதான் என்றாள்.

மத்தியான மோர்க்குழம்பில் உப்பில்லை. மறதியா, கண்டனமா, விளங்கவில்லை.

9-2-1995, வியாழன்

மாற்றுப் பெயர்கள்: அயிரை, குறவை, விரால். எதுவும் உட்காரவில்லை. விரால் என்றால் மாடிவீட்டுப் பையனாகத் தோன்றுகிறது.

க. பேசுகிறாள், நாவலைப் பற்றி மட்டும் இல்லை. இரண்டு நாளாகக் கீரைக்காரியை வாசலோடு அனுப்பிவிடுகிறாள். புடலங்காய்.

வாங்க வேண்டியவை: கோந்து, பழுப்பு உறை, பேனா மசி (நீலம், கறுப்பு வேண்டாம்).

சங்கரனிடமிருந்து கார்டு. ஆழ்வார்குறிச்சிக் கல்யாணத்தை முடித்துக்கொண்டு 11-ஆம் தேதி சனிக்கிழமை வருகிறானாம். தேதியும் கிழமையும் பொருந்துகின்றன. அவனிடம் நான் எதிர்பாராதது.

க.வின் கட்டளை: காகிதக் கட்டைப் பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும், ஒரு வரி அவன் காதில் விழக் கூடாது. அவனுக்கு மனம் நொந்தால் வாய்விட்டுச் சொல்ல மாட்டானாம், வருவதை நிறுத்திவிடுவானாம். அவள் பக்கத்தில் மிஞ்சியிருப்பவன் அவன் ஒருவன்தான். எங்கள் வீட்டுக்கு வந்தாலும் இன்றுவரை நாற்காலியின் நுனியில்தான் உட்காருகிறான். ஆகவே பூட்டினேன்.

11-2-1995, சனி

பூட்டியது வீண். சங்கரன் ஒரு பை நெல்லிக்காயைக் கீழே வைக்கும் முன்பே, "அத்தான், நான் வாற கதைய வாசிங்க" என்றான். போன மாதம் பெருமை தாளாமல் க.வே கார்டு எழுதிப் போட்டிருக்கிறாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காதிருப்பதே நல்லது என்று பட்டது.

கடைசி அத்தியாயம்தான் வேண்டும் என்றான். வாசித்தேன். குரல் சரியாக இல்லை, பனி. கண்ணீர் வரும் இடத்தை விட்டுவிடலாமா என்று எண்ணுவதற்குள் வாசித்துவிட்டேன்.

கேட்டு முடித்ததும் எழுந்தான். ஆற்றுக்குப் போய்வருவதாகச் சொல்லித் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினான். க. வாசலிலேயே நின்றாள். பையை விட்டுப் போயிருக்கிறானா என்று ஒருமுறை உள்ளே வந்து பார்த்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கும் வாசகத்தை நான் பலவிதமாக அமைத்துப் பார்த்தேன். எல்லாமே 'பார்வையில் கண்ட கடிதத்தின்படி' என்று தொடங்கும் அலுவலகக் கடிதம்போல் இருந்தன.

ஈரத் தலையோடு திரும்பினான். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

"அத்தான், கையில கொடுத்தா நாங்க வாங்க மாட்டோம். ஆத்துல விட்டா எடுத்துக்கிடுவோம். ஆத்துல கெடக்கது யாரு வீட்டுதும் இல்ல."

துண்டைப் பிழிந்துவிட்டு: "அந்த ரகு பயலயும் ஒரு முங்கு முங்கச் சொல்லுங்க. அவனுக்கும் பாவம் இருக்கும்லா."

க. சிரித்தாள். செவ்வாய்க்குப் பிறகு இன்றுதான்.

பெயரை மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன். மாற்றினால் கோர்ட்டுக்குப் போவானாம்.

12-2-1995, ஞாயிறு

காலைப் பேருந்தில் சங்கரனை ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அத். 15 முழுவதையும் கோடிட்டு அடித்தேன். புதியது:

ரகு எதையும் நீட்டவில்லை. உடுத்திய புதுச் சட்டையோடு படியிறங்குகிறான். நீச்சல் அரைகுறை, பயம். மூக்கைப் பிடித்து ஒரு முங்கு. சட்டையைக் கழற்றி ஆற்றில் விடுகிறான். திரும்பிப் பாராமல் கரையேறி நடக்கிறான். கெண்டை பாய்ந்து முங்கி எடுக்கிறான்.

கண்ணீர் நீக்கப்பட்டது. பழையதில் பாதிகூட இல்லை. ஆயினும் திருப்தி.

13-2-1995, திங்கள்

பனி குறைவு. தொண்டை தேவலை. கீரை வாங்கப்பட்டது, தண்டுக்கீரை.

வாசித்தேன். க. கடைசி வரி வரை இருந்து கேட்டாள். "ம்" என்றாள். அது போதும். பிழை திருத்தி, உறையிலிட்டு, கோந்து தடவி, முகவரி எழுதினேன். நாளைக் காலை பதிவுத் தபால்.

விளக்கேற்றிவிட்டு வந்தவள் உறையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அந்த ரகு வெறும் மேலோட வீட்டுக்குப் போனானே, அவங்க அம்ம ஏசியிருக்க மாட்டாளா? பிள்ளைக்கு யாரு தல தொவட்டிவிட்டா?"

இத்தனை அத்தியாயங்களில் மாடிவீட்டுப் பையனைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி.

உறையைப் பிரித்தேன்.