அண்ணன்களின் செருப்பு

அன்பு மனைவிக்கு,

நான் குத்துக்கல் மாதிரி இருக்கிறேன். நீயும் மகளும் சுகந்தானே? அத்தைக்கு மூட்டு வலி குறைந்ததா?

ஞாயிற்றுக்கிழமை நம் ஷூ கடையில் ஒரு கூத்து. நாட்டுக்கே பதக்கம் வாங்கித் தந்த ஓட்ட வீராங்கனை ஒருவரை வரவழைத்திருந்தேன். அவர் குழந்தைகளை ஓடச் சொல்வார், ஓடும் குழந்தைக்கு ஷூ வேண்டும். என் கணக்கு அவ்வளவுதான். அந்த அம்மாவோ, "ஷூ அப்புறம் வாங்கிக்கலாம், முதல்ல வெறுங்காலோட ஓடுங்க!" என்று சொல்லிவிட்டார். நான் அடுக்கி வைத்திருந்த ஷூ பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தேன்.

பையன்கள் தெருவில் பறந்தார்கள். ஒரு சிறுமி மட்டும் அண்ணன்களின் செருப்புகளைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"நீ ஓடலையாம்மா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"செருப்பு தொலைஞ்சா அப்பா என்னைத்தான் திட்டுவாரு."

வீராங்கனை அவற்றை வாங்கி என் கையில் திணித்தார். "பாத்துக்குங்க அண்ணே, உங்க சரக்குதானே!" கூட்டமே சிரித்தது. அந்தச் சிறுமி ஓடி, சின்ன அண்ணனை முந்திவிட்டாள்! வியாபாரமும் படுக்கவில்லை, மறுநாளே பெற்றோர் ஷூ கேட்டு வந்தார்கள்.

மகளை ஓட்டப் பயிற்சிக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம், உனக்குக் கூடமாட உதவியாக இருக்கட்டும் என்று எழுதி வைத்திருந்தேன். அதைக் கிழித்துவிட்டேன். இது கிடைத்ததும் சேர்த்துவிடு. யாராவது முணுமுணுத்தால் என் பெயரைச் சொல்.

அவள் பாதங்களைக் காகிதத்தில் பென்சிலால் வரைந்து அனுப்பு. சாயங்காலமாகப் பார்த்து வரைந்துவிடு, காலையில் பாதம் கொஞ்சம் சிறுத்திருக்கும். ஊரார் கால் அளவைப் பார்த்ததும் சொல்கிற எனக்கு, அவள் கால் எவ்வளவு வளர்ந்திருக்கிறதென்று தெரியவில்லை.

உன் பாதத்தையும் வரைந்து அனுப்பு. ஷூவுக்கு இல்லை, சும்மாதான்.

கடையில் ஆள் வந்துவிட்டது.

உன் வீட்டுக்காரன்