இரண்டு பொட்டலம் அரளி

தூத்துக்குடி
1910, ஆனி 3

அன்புள்ள கோமுவுக்கு,

நான் சுகம். நீயும் உன் தங்கை ஆறுமுகத்தாயும் சுகந்தானே?

சிவசைலம் அண்ணாச்சியின் பழைய ஸ்டீமரில் நான் சுக்கான் பிடிப்பது உனக்குத் தெரியும். பாய்லர் இருமிக்கொண்டேதான் ஓடுகிறது. ஆனாலும் கப்பலை நடத்தும் ஹாஜா சாரங்கு என்னைக் கேட்காமல் ஒரு பக்கம் திருப்ப மாட்டார். இப்போது ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி கூப்பிடுகிறது. புதுக் கப்பல், சம்பளமும் கூடுதல். அங்கே துரை சொன்னபடி திருப்ப வேண்டும், வாய் திறக்கக் கூடாது.

என் மனசு பழைய கப்பலில்தான் இருக்கிறது. என்றாலும் அம்மன் கோவிலில் பூக்கட்டிப் பார். செவ்வரளி வந்தால் பழைய கப்பல், வெள்ளரளி வந்தால் கம்பெனி. இரண்டு பொட்டலத்தையும் நீதான் கட்ட வேண்டும். வேறு கையில் கொடுத்துவிடாதே.

ஐயம்பெருமாள்

முக்கூடல்
ஆனி 8

என் துரையவர்களுக்குக் கோமு வணங்கி எழுதியது.

பாய்லர் இருமுகிறது என்று படித்ததிலிருந்து எனக்குக் கஞ்சி இறங்கவில்லை. ஆற்றில் வெள்ளம் வந்தாலே கால் நடுங்குகிறவளிடம் இப்படியா எழுதுவது?

பூக்கட்டிப் பார்த்தேன். பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்து என் முந்தானையில் போட்டார். வெள்ளரளி. மற்றதை அப்போதே ஆற்றில் விட்டுவிட்டேன். அம்மன் சொன்ன பிறகு மறுபேச்சு ஏது? கம்பெனிக்கே போங்கள்.

தாலி கட்டினவர் பேரைப் பெண்டாட்டி எழுதினால் அவர் ஆயுசு குறையும் என்று மேல்விலாசத்தை எப்போதும்போல ஆறுமுகத்தாய்தான் எழுதினாள். எழுத்து கோணல். வந்து சேர்ந்ததா?

உங்கள் கோமு

தூத்துக்குடி
ஆவணி 11

அன்புள்ள கோமுவுக்கு,

கம்பெனியில் நல்ல சாப்பாடு, நல்ல படுக்கை. நேற்று நடந்ததை உனக்கு எழுதக் கூடாது, ஆனால் வேறு யாரிடம் சொல்வேன்?

முயல் தீவுக்கு அப்பால் தண்ணீர் நிறம் மாறிக் கிடந்தது. மணல்திட்டு. துரையிடம் சொன்னேன். வாயை மூடு என்றார். கொழும்புத் தோட்டத்துக்குப் போகிற சனம், கைப்பிள்ளைகளோடு, தளம் நிறைய இருந்தது. சக்கரம் என் கையில், திட்டு என் கண் முன்னே, திருப்ப மட்டும் அனுமதி இல்லை. கப்பல் அடி உரசிக்கொண்டு போயிற்று. அந்தச் சத்தம் இன்னும் காதில் கேட்கிறது.

இவ்வளவு பயம் நான் பட்டதே இல்லை. அம்மன் சொன்ன இடமாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன்.

ஐயம்பெருமாள்

முக்கூடல்
ஆவணி 15

என் துரையவர்களுக்கு,

அம்மன் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பொட்டலத்திலும் வெள்ளரளியைத்தான் கட்டினேன்.

ஆறுமுகத்தாய் பார்த்துவிட்டு, “என்னக்கா செய்யுத, ரெண்டும் வெள்ளையா இருக்கே?” என்றாள். அவள் வாயை அடைத்துவிட்டேன். உங்களைப் பத்திரமான இடத்துக்கு அனுப்புகிறோம் என்று நினைத்தேனே தவிர, அங்கே மணல் இருக்குமென்று கண்டேனா? அம்மன் கண்ணுக்கு நேரே செய்த பொய் உங்கள் தலையில் விடியுமோ என்று பயமாயிருக்கிறது. திட்டுங்கள், ஆனால் உடனே பதில் போடுங்கள்.

பாவி கோமு

தூத்துக்குடி
ஆவணி 20

அன்புள்ள கோமுவுக்கு,

எனக்கு அப்போதே தெரியும். நான் முதன்முதல் கடலுக்குக் கிளம்பிய அன்று என் செருப்பை நெல் குதிருக்குள் ஒளித்தவள் நீ. உன் கையால் கட்டினால் வெள்ளைதான் வரும் என்று தெரிந்துதான் உன்னையே கட்டச் சொன்னேன்.

பயந்தவன் நான். வைகாசியில் பாய்லர் ஒரு பக்கம் பிளந்து, கரி போடுகிறவன் கை வெந்துபோயிற்று. உனக்கு எழுதவில்லை. கூட்டாளிகளை விட்டு ஓடினான் என்ற பேர் வராமல் ஓட, அம்மனும் நீயும் எனக்கு வேண்டியிருந்தது. பாவம் என்னுடையது.

நேற்று ஹாஜா சாரங்கு வந்தார். பாய்லருக்கு ஒட்டுத்தான் போட்டிருக்கிறார்களாம், மறைக்காமல் சொன்னார். “ஏலே, எனக்கும் பயந்தான். நீ பக்கத்துல நின்னா கேட்டுக்கிடலாம்லா” என்றார். கம்பெனியில் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை பழைய கப்பலில் ஏறுகிறேன்.

பயம் போகவில்லை, கோமு. அங்கே அதை வாய்விட்டுச் சொல்லலாம், அவ்வளவுதான். இந்தத் தடவை பூக்கட்ட வேண்டாம். பதில் எழுதினால் மேல்விலாசத்தை ஆறுமுகத்தாயிடம் கொடுக்காதே. என் பேரை நீயே எழுது.

ஐயம்பெருமாள்

முக்கூடல்
ஆவணி 24

ஐயம்பெருமாள் அவர்களுக்கு,

எழுதிவிட்டேன். உறையின் மேலும் நானே எழுதுகிறேன். என் எழுத்தும் கோணல்தான்.

கரையேறினதும் ஒரு வரி போடுங்கள்.

கோமு