சேறு போகாது என்றேன்

அன்பு மகளுக்கு,

மார்கழி மழையில் உன் அப்பன் கரிசல் காட்டில் மல்லாந்து விழுந்தான். நீ காலேஜில் மலையேறப் போனபோது தூக்கிய பைதான் பின்னால் இழுத்துவிட்டது. வண்டு மாதிரி கைகாலை ஆட்டிக்கொண்டு கிடந்தேன்.

"ஏலே, பஸ்ஸு ஓடும்போது இந்த வயசுல மூட்டையோட நடக்கணுமாக்கும்?" என்று என் கூட்டாளி சாமித்துரை தூக்கிவிட்டான். நம்ம ஊர் எப்போதும்வென்றானிலிருந்து உன் ஊர் குளத்தூர் வரை சும்மா ஒரு நடை என்றுதான் அவனைக் கூட்டிவந்திருந்தேன். பஸ்ஸில் வந்தால் உன்னைப் பார்க்க வந்ததாக ஆகிவிடுமே.

நனைந்த கரிசலில் வெறுங்காலோடு நடக்க வேண்டும் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். நான் புது ஷூவோடு நடந்தேன். மண் அப்பி அப்பி ஒவ்வொரு காலும் அம்மிக்கல்லாய்க் கனத்தது.

உன் வாசலுக்கு வந்ததும், "யப்பா, எங்க போறீய?" என்றாய்.

"சும்மா நடந்து பழகுதோம் தாயி."

நீ சிரிக்கவில்லை. வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாய். சாமித்துரை காலைக் கழுவிவிட்டு உள்ளே போய்ச் சோறே தின்றுவிட்டான். நான் மழையில் நின்றபடி டீ குடித்தேன். "கழுவிட்டு உள்ள வாங்கப்பா" என்று மூன்று தடவை கூப்பிட்டாய். "இந்தச் சேறு போகாதும்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

சேறு போயிருக்கும், தாயி. சொல்லாமல் கல்யாணம் முடித்தாய் என்ற வீம்பில், செத்துக் கிடந்த உன் அம்மா முகத்தைப் பார்க்க ஓடிவந்த உன்னை வாசலோடு திருப்பியனுப்பினேன். அது நான் செய்த பாவம் என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் நடந்து வந்தேன்.

இப்படிக்கு,
உன் அப்பா