கம்பி ஒருவரிடம், துணி ஒருவரிடம்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்றும் ஆசிரியர் அறையில் மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள நாற்காலியை அமிலம் பிடித்துக்கொண்டது. வேதியியல் துறை ஆசாமி; அதற்கு அந்தப் பெயர் போதும். ஒன்பது வருடமாக நாங்கள் பேசுவதில்லை. அதற்கு முன் பதினோரு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டோம். ஆசிரியர் மன்றத் தலைவர் தேர்தல் வந்தது. கை தூக்கி ஓட்டுப் போடும் முறை. ஒரே ஒரு கையில் தோற்றேன். எதிரே உட்கார்ந்திருந்த அமிலத்தின் கைகள் இரண்டும் மேசைமேல்தான் இருந்தன. பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தது. நான் மறப்பவனல்ல.

வீட்டில் மகள் காத்திருந்தாள். எங்கள் கல்லூரியிலேயே மூன்றாம் ஆண்டு. மாணவர் மலையேற்றக் கழகத்துக்குப் பயிற்சிச் செயலாளர். போன வருடம் ஒரு பையன் பாறையில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டதிலிருந்து முதல்வரம்மா ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: மலைக்குப் போனால் இரண்டு ஆசிரியர்கள் கூடப் போக வேண்டும், அவர்கள் கழகத்தின் அடிப்படைப் பயிற்சியில் தேறியிருக்க வேண்டும். இல்லையென்றால் மார்ச் மாதப் பயணம் கிடையாது. கழகமும் கிடையாது.

"எல்லார்கிட்டயும் கேட்டாச்சுப்பா. ஒருத்தருக்கு முட்டிவலி, ஒருத்தருக்கு மாமியார். நீங்கதான் பாக்கி."

"அப்ப நான் கடைசியா?"

"கடைசிக்கு முந்தி."

உள்ளேயிருந்து மனைவியின் குரல்: "மாடிக்குத் துணி காயப்போட ஏறினாலே மூச்சு வாங்குது. மலை ஏறப் போறாராம் மலை!"

முடியாது என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 5, வியாழன்

அமிலம் சேர்ந்துவிட்டதாம். நானும் சேர்ந்தேன்.

பிப்ரவரி 7, சனி

முதல் வகுப்பு. கழுத்தில் விசிலோடு மகள். என்னை "சார்" என்கிறாள். சரி, ஒழுங்கு என்றால் ஒழுங்குதான்.

முடிச்சுப் போடப் பழகினோம். நான் போட்டதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது முடிச்சு இல்ல சார், சிக்கல்" என்றாள். பின்வரிசையில் சிரிப்பு. அமிலம் முதல் தடவையிலேயே போட்டுவிட்டது. ஆய்வகத்தில் குழாய் கட்டிப் பழகிய கை. இதில் என்ன பெருமை?

பிறகுதான் இடி. கூடாரத்துக்கு இரண்டு பேராம். வயதுக்கு வயது ஜோடி. கழக விதி ஒன்றைப் பாட்டுப் போலச் சொல்கிறார்கள்: "கம்பி ஒருத்தர்கிட்ட, துணி ஒருத்தர்கிட்ட." ஒரு கூடாரத்தை இரண்டு பைகளாகப் பிரித்துத்தான் சுமக்க வேண்டும். சுமையும் பாதியாகும், ஒருவரை விட்டுவிட்டு இன்னொருவர் முன்னால் ஓடவும் முடியாது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "என்னை வேற யார்கூடயாவது போடேன்மா."

"வகுப்பு விஷயத்த வீட்ல பேசக் கூடாது சார்."

வீட்டிலும் சார்! மனைவி சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

கையடக்க அடுப்புப் பற்றவைக்கும் பயிற்சி. வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர் இடப் புருவத்தில் பாதியைப் பொசுக்கிக்கொண்டார். இன்று நல்ல நாள்.

பிப்ரவரி 14, சனி

எழுதவே கை கூசுகிறது. இருபத்திரண்டு வருடமாகப் புவியியல் நடத்துகிறவன், கல்லூரி வளாகத்துக்குள்ளேயே வழி தவறினேன்.

திசைகாட்டியைப் பிடித்துக்கொண்டு மரம் மரமாகப் போக வேண்டும். பாகையைப் படிப்பது அமிலத்தின் வேலை, வரைபடம் என் வேலை. ஆனால் அது என்னிடம் பேசுவதில்லையே! வேப்பமரத்தைப் பார்த்து, "ரொம்ப இடப்பக்கமா ஒதுங்குது" என்றது. நான் விளக்குக் கம்பத்தைப் பார்த்து, "வரைபடம் படிக்கத் தெரிஞ்சவங்க கையிலதான் இருக்கு" என்றேன். கடைசியில் மாணவியர் விடுதியின் கத்தரித் தோட்டத்தில் போய் நின்றோம். காவலாளி சல்யூட் வைத்துவிட்டு, "ரெண்டு சாரும் இங்க என்ன சார் பண்றீங்க?" என்றார். இருவரும் கத்தரிச் செடியைப் பார்த்துக்கொண்டே, "பயிற்சி" என்றோம்.

திரும்பும்போது ஒரு பையன் முணுமுணுத்தது காதில் விழுந்தது: "வறண்ட பிரதேசம் வந்துருச்சுடா." அது நான்தானாம். எனக்குப் பட்டப்பெயர்! எத்தனை காலமாக என்று மகளைக் கேட்டேன். "நான் சேர்றதுக்கு முன்னாடியே இருக்குப்பா. நல்லாத்தானே இருக்கு?"

அமிலத்துக்கு அமிலம் என்று பெயர் வைத்தது நான். எனக்கு வைத்தது யாராக இருக்கும்?

பிப்ரவரி 20, வெள்ளி

நாளை தேர்வு. ஏரிக்கு மேலே இருக்கும் குன்றில் ஓர் இரவு தங்க வேண்டும். கூடாரத்தை ஆசிரியர் அறையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். கம்பியும் ஆணியும் எடை குறைவு; அவற்றை நான் எடுத்துக்கொண்டேன். துணி மூட்டையை மின்விசிறிக்குக் கீழே இருக்கும் நாற்காலியில் வைத்தேன். அதன் நாற்காலிதானே, எடுத்துக்கொள்ளட்டும். வாயைத் திறந்து வேறு சொல்ல வேண்டுமா?

பிப்ரவரி 22, ஞாயிறு

உடம்பு முழுக்க வலி. எழுதியே ஆக வேண்டும்.

நேற்று மாலை குன்றின் மேல் போய்ச் சேர்ந்தபோது மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. பிள்ளைகள் மளமளவென்று கூடாரம் போட்டார்கள். நான் கம்பிகளை வெளியே எடுத்து வைத்துவிட்டு நின்றேன். அமிலமும் நின்றது. நான் அதன் பையைப் பார்த்தேன். அது என் பையைப் பார்த்தது.

மரம் எதுவும் பக்கத்தில் இல்லை. நேராகவே கேட்டேன். "துணி எங்க?"

"எந்தத் துணி?"

"உன் நாற்காலியில வச்சேனே!"

"அது கூடாரமா? என் இடத்தப் பிடிக்க நீ மூட்டைய வச்சிருக்கன்னு நெனச்சேன். தூக்கி உன் மேசைக்கு அடியில போட்டுட்டேன். கூடாரம் முழுசும் உன் பையில இருக்கும்னு வந்தேன்."

ஒன்பது வருடத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு இதுதான்.

மகள் வந்தாள். "துணி இல்லையா சார்?" என்றாள். முகம் வெளுத்துவிட்டது. விசில் கட்டிய பயிற்சியாளர் போய், மிதிவண்டி தொலைந்த அன்று வாசலில் நின்ற சின்னப் பெண் வந்துவிட்டாள். மூன்று வருடமாக இந்தக் கழகத்துக்காக அலைந்தவள். ஆனாலும் குரலைக் கனைத்துக்கொண்டு சொன்னாள்: "விதி விதிதான். மத்தவங்க கூடாரத்துக்குள்ள போகக் கூடாது. கயிறும் தரைவிரிப்பும் இருக்கு. காலையில நனையாம இருந்தா, தங்குமிடத்துக்குப் பாஸ். நனைஞ்சா எல்லாம் முடிஞ்சுது." திரும்பி நடக்கும்போது புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அமிலமும் பார்த்தது.

"இங்கயே கட்டலாமா?" என்று கேட்டது.

"வேணாம். தண்ணி இந்த வழியாத்தான் எறங்கும். மண்ணப் பாரு, அரிச்சிருக்கு. அந்தப் பாறைக்குப் பின்னால போவோம்."

"காத்து?"

"மேக்கேருந்து."

"அப்ப கயிறு இந்தப் பக்கம். புடி. இறுக்கிப் புடிய்யா, சாக்பீஸா அது!"

பிடித்தேன். அவன் முடிச்சுப் போட்டான். விரிப்பின் நான்கு மூலைகளும் நின்றன. முதல் தூறலில் உள்ளே புகுந்து, தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தோம். விரிப்பு படபடத்தது. தண்ணீர் நான் சொன்ன வழியாகத்தான் இறங்கியது.

மழை சத்தத்தில் கேட்டுவிட்டேன். "அன்னிக்கு ஏன் கை தூக்கல?"

சுற்றி வளைப்பான் என்று நினைத்தேன். "தூக்கலதான்" என்றான்.

"அதான் ஏன்?"

"நீ ஜெயிச்சிருந்தா அந்த அறையில ஒருத்தன் நிம்மதியா டீ குடிச்சிருப்பானா? சக்கரைக்கே கையெழுத்து வாங்கியிருப்ப. மறுநாள் இதச் சொல்லிச் சிரிக்கலாம்னு சாப்பாட்டோட வந்தேன். நீ மேசைய மாத்திட்ட."

மேசையை மாற்றினேன்தான். காலை மணி அடிப்பதற்கு முன்பே, நானே தனியாக இழுத்து. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இவன் என் முகத்துக்கு நேராக... எழுந்து போயிருப்பேன். வெளியே கொட்டுகிறது, நனைந்தால் தோல்வி. எங்கே போவது? உட்கார்ந்திருந்தேன். அவன் சொன்னதை ஒப்புக்கொள்ளவில்லை. மறுக்கவும் இல்லை.

அவன் முகத்தைத் திரும்பிப் பார்த்து, "புருவம் பாதிதான் இருக்கு உனக்கு" என்றேன்.

"அன்னிக்கு நீ கண்ணாலயே கைதட்டினத நான் பாத்தேன்" என்றான்.

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. பக்கத்துக் கூடாரத்திலிருந்து ஒரு பையன் தலையை நீட்டி, "சார், உடம்புக்கு ஒண்ணும் இல்லயே?" என்றான்.

காலையில் மகள் எங்கள் சட்டைத் தோளைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. தங்குமிடம், தேர்ச்சி. பையடுக்கல், தோல்வி. அதற்கு மட்டும் அடுத்த சனிக்கிழமை மறுதேர்வு.

பிப்ரவரி 28, சனி

தேறிவிட்டோம், இருவரும். மகள் "வாழ்த்துகள் சார்" என்று கைகுலுக்கினாள். கையை உடனே விடவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

மேசையைப் பழைய இடத்துக்கு நகர்த்தவில்லை. அவ்வளவு சுலபமாக விட்டுவிட முடியுமா? சாப்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு அவன் மேசைக்குப் போனேன். மின்விசிறிக்குக் கீழே காற்று ஒன்றும் பிரமாதமில்லை. இதற்காகவா இத்தனை வருடம்?

மார்ச் 7, சனி

பேருந்தில் எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது.

புறப்படுவதற்கு முன் பைகளைச் சோதித்தார்கள். என் பையைத் திறந்ததும் மகள் நிமிர்ந்து பார்த்தாள். கம்பி, துணி, ஆணி - முழுக் கூடாரம்.

"என்ன சார் இது?"

"எதுக்கும் இருக்கட்டும்னு..." கழகக் கிடங்கில் கேட்டு வாங்கி வைத்திருந்தேன்.

அடுத்த பையைத் திறந்தாள். அவனிடமும் ஒரு முழுக் கூடாரம்.

"நம்பலையா என்னை?" என்றேன்.

"நீ நம்பினியா?"

பிள்ளைகள் பேருந்தைத் தட்டிச் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை. "ஜோடி விதி பயிற்சிக்குத்தான். மேல இடம் நெறைய இருக்கு. ஆளுக்கொரு கூடாரம்னாலும் சரி, ஒண்ணுன்னாலும் சரி. உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் முன்பக்கம் போய்விட்டாள்.

தனியாகப் படுத்தால் நிம்மதிதான். அவன் குறட்டை விடுவான்; குன்றில் கேட்டிருக்கிறேன்.

என் கூடாரத்தை இறக்கிக் கிடங்கில் கொடுத்துவிட்டு வந்தேன். அவன் தன்னுடையதைப் பிரித்துக் கம்பிக் கட்டை என்னிடம் நீட்டினான். வாங்கிப் பைக்குள் செருகிக்கொண்டேன்.

மலைப்பாதை தொடங்கிவிட்டது. மேற்கே மேகம் திரள்கிறது. இப்போதுதான் ஒருமுறை கேட்டேன்: "துணி?"

தூக்கக் கலக்கத்தில், கண்ணைத் திறக்காமலே, காலடியில் இருந்த பையைத் தட்டிக் காட்டினான்.

நான் திறந்து பார்க்கவில்லை.