செம்புக்குள் பந்து

பாக்கார் ஆராங், சுங்கை பட்டாணி
3.3.2024

அன்புள்ள சுகந்தினிக்கு,

போனில் பேசினால் மாமா பக்கத்திலேயே படுத்திருக்கிறார். நீ "ம்" மட்டும் சொல்கிறாய். அதனால் எழுதுகிறேன். ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

உன் அருங்காட்சியகம் தோட்டத்து ரப்பர் பொருள்களைச் சேர்ப்பதாகச் சொன்னாயே, என் பந்தை அனுப்புகிறேன். சிறுவயதில் கரங்கான் தோட்டத்தில், ரப்பர் மரத்தில் வடிந்து காய்ந்த ஒட்டுப்பாலை உரித்து நானே சுற்றியது. போன ஆயுத பூசைக்கு நல்லெண்ணெய் தடவி, உன் அம்மா உனக்குக் கொடுத்த பித்தளைச் செம்பில் போட்டுச் சாமி மாடத்தில் வைத்தேன். இப்போது வெளியே வரமாட்டேன் என்கிறது. அப்படியே அனுப்புகிறேன்.

பக்கத்து வீட்டு மருதம்மாள் அக்கா கேட்கிறார்: "ஏன் தம்பி, உன் பொண்டாட்டி மியூசியத்துல வேலை பாக்குதா, இல்ல அதையே அலமாரியில வச்சுப் பூட்டிட்டாங்களா லா?" நான் என்ன சொல்வது? உன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது, பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கும்வரை என்றுதான் அங்கே போனாய்.

புவனேசன்

*

அலோர் ஸ்டார்
10.3.2024

அன்பின் புவனேசன்,

பொட்டலம் கிடைத்தது. எண்ணெயும் பித்தளையும் ரப்பருக்கு ஆகாது. பித்தளையிலுள்ள தாமிரம் அதை இளக்கிவிட்டது. பந்து சரிந்து செம்பின் வயிற்றில் ஒட்டிக்கிடக்கிறது. பந்து வேண்டுமென்றால் செம்பை அறுக்க வேண்டும். செம்பு வேண்டுமென்றால் பந்தைச் சுரண்டி எறிய வேண்டும்.

அப்பாவிடம் சொன்னேன். "அது அம்மாவின்ர செம்பு, பிள்ளை. தோட்டத்துப் பந்துக்காக வெட்டுறதோ?" என்றார். வாய் கோணியிருந்தும் "தோட்டத்து" மட்டும் தெளிவாக வந்தது.

இரண்டு தாதியரை வைத்துப் பார்த்தேன். வேறு கை ஊட்டினால் துப்பிவிடுகிறார்.

உங்கள் முடிவை எழுதுங்கள்.

சுகந்தினி

*

பாக்கார் ஆராங்
17.3.2024

அன்புள்ள சுகந்தினிக்கு,

பந்தைச் சுரண்டிவிடு. செம்பைப் புளி போட்டுத் துலக்கி மாமாவிடமே கொடு. நம் கல்யாணத்துக்கு வராத மனிதர், அதையாவது வைத்துக்கொள்ளட்டும். அவருடையது எதுவும் எனக்கு வேண்டாம், உன்னைத் தவிர.

கூலிமில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லம் பார்த்திருக்கிறேன். நல்ல இடம். தினமும் போய் நீயே ஊட்டலாம். சனிக்கிழமை காரில் வருகிறேன். பயப்படாதே, உள்ளே வரமாட்டேன். வாசலில் ஹார்ன் அடிப்பேன்.

புவனேசன்

*

அலோர் ஸ்டார்
20.3.2024

அன்பின் புவனேசன்,

கத்தியை எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன். செம்பையும் பந்தையும் சேர்த்தே காற்றுப் புகாத பையில் போட்டு, ஆக்சிஜனை உறிஞ்சும் பொட்டலமும் வைத்து ஒட்டி, குளிர்ந்த இருட்டறையில் வைத்திருக்கிறேன். இனிக் கெடாது. பழைய நிலைக்கும் திரும்பாது.

என் மேலதிகாரி தேவகி, "இது என்ன முடிவு, சுகந்தினி?" என்று கேட்டார். "இருப்பதைக் காப்பதுதானே நம் வேலை?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

முதியோர் இல்லம் பற்றி அப்பாவிடம் பேச்செடுத்தேன். அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை வர வேண்டாம். ஹார்ன் சத்தம் கேட்டால் நான் வந்து ஏறிவிடுவேன். அவரைப் புரட்டிப் படுக்கவைக்க இந்த வீட்டில் வேறு ஆளில்லை.

உங்கள்
சுகந்தினி