எல்லா அறுபத்துநாலும் ஒன்றல்ல

ஐப்பசி 14, செவ்வாய்

கம்ப்யூட்டர் தெரியாமலே மகளுக்கு யோசனை சொன்னேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. மகள் ஜெபா வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். கம்ப்யூட்டரை எழுப்பி ஓட்டுகிற நிரலில் வெறும் எண்களை எடுத்துவிட்டு, அர்த்தம் தெரிகிற பெயர்களை வைக்கிற வேலை.

மத்தியானம் நிரலில் அறுபத்துநாலு என்ற எண் வருகிற இடங்களை ஒவ்வொன்றாக நோட்டமிட்டுக்கொண்டிருந்தாள். "பேரு வைக்க பாஸ்டரை விளிக்கணுமா மக்கா? எல்லாத்துக்கும் ஒரே பேரப் போட்டுட்டு வா, கிழங்கு ஆறுது" என்றேன். சிரித்துக்கொண்டே மொத்தமாக மாற்றி அனுப்பிவிட்டாள்.

சாயங்காலம், அவளோடு வேலை செய்கிறவர் வரிசை நீளமாக வேண்டுமென்று அந்தப் பெயருக்குரிய எண்ணை இரட்டிப்பாக்கினார். சோதனை மெஷின் எழும்பவே இல்லை.

"ஒரு அறுபத்துநாலு வரிசையோட நீளம், மற்றது நினைவகத் துண்டோட அளவு. ரெண்டும் வேற ஆக்கும்மா. ஒரே பேரானதால ரெண்டும் சேந்து மாறிட்டு."

"அம்மா சொல்லித்தான் செய்தேன்னு எழுதி அனுப்பு."

"உங்கள ஆரு வேலைக்கு எடுத்தா?"

சிரிக்காமல் சொன்னாள். வேலை நிரந்தரமாகுமா என்பது இந்த மாதம்தான் தெரியும். இன்னும் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருக்கிறாள்.

பால் விடாத கட்டன்சாயா போட்டுக் கொடுத்தேன். முழுவதும் குடித்துவிட்டு, "நல்லா உண்டும்மா" என்றாள். பிறகுதான் தெரிந்தது, அதில் தேயிலை போட மறந்திருந்தேன்.